எந்த ஊர் சொல்வதைக் கேட்பது?

வாசலூர்பட்டி போன்ற கொல்லிமலை ஊர்களில் விளையும் மரவள்ளி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அந்தப் பயிருக்கு 2020-இல் ஒரு புது எதிரி வந்தது. கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நாமக்கல், சேலம் வயல்களுக்கும் பரவியது. அந்தப் பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். குளவியை எந்த ஊரில், எப்போது விடுவது என்று முன்கூட்டியே தெரிந்தால் பலன் கூடும். அதைக் கணிக்க ஒரு பெரிய மையக் கணினியைவிட, ஊருக்கு ஒன்றாகப் பல சிறு நிரல்களே ஏற்றவை என்பது என் வாதம்.

குவிந்த பதிவுகளில் புதைந்த தொடர்புகளைத் தோண்டி எடுப்பது தரவு அகழ்வு. அவற்றைக் கொண்டு அடுத்து வருவதைக் கணிப்பது இயந்திரக் கற்றல். தன் ஊரை அறிந்து, தானே முடிவெடுத்து, பிற நிரல்களோடு பேசிக்கொள்ளும் நிரலை முகவர் என்பார்கள். கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் முன்வைத்த கூட்டுக் கற்றலில் தரவு அவரவர் கைபேசியை விட்டு வெளியேறாது. கற்ற பாடம் மட்டும் மையத்துக்குப் போய்ச் சராசரியாகும். ஆனால் அந்தச் சராசரியில், பதிவு அதிகம் வைத்திருப்பவரின் பாடத்துக்கு எடை கூடுதல். சமவெளியின் பதிவுக் குவியலுக்கு நடுவே, ஆயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில் பூச்சி எப்படிப் பெருகும் என்ற மலைப்பாடம் அமுங்கிப்போகும். முகவர் நிரலோ யார் பாடத்தைக் கேட்பது என்று தானே தேர்ந்துகொள்ள முடியும். மாவுப்பூச்சி நெடுந்தூரம் போவது பெரும்பாலும் நடவுக்குச்சியில் ஒட்டிக்கொண்டுதான். ஆகவே வாசலூர்பட்டி நிரல் பக்கத்து ஊரைவிட, குச்சி வந்த ஊரையே அதிகம் கவனிக்க வேண்டும். சமவெளியின் ராசிபுரத்திலிருந்து குச்சிக்கட்டு மலையேறியிருந்தால் ராசிபுரத்து எச்சரிக்கைக்கே முதலிடம்.

ஒரு மலையூரின் சொற்பப் பதிவில் என்ன கற்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலையைப் பார்த்து நோயை அறிவதை எல்லா ஊர்ப் படங்களையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். ஆப்பிரிக்க மரவள்ளி விவசாயிகளுக்கான நுரு செயலி அப்படிப் படங்களில் கற்று, இணையம் இல்லாத இடத்திலும் இயங்குகிறது. எப்போது எச்சரிப்பது என்பதை மட்டும் உள்ளூர் மழையையும் நடவு நாளையும் வைத்து அந்தந்த நிரல் திருத்திக்கொள்ளட்டும். இதைவிடக் கனமான மறுப்பு, ஒரு நிரலின் பிழை எல்லா ஊருக்கும் தொற்றிவிடும் என்பது. இதற்கு முழு மருந்து கிடையாது. எந்த ஊர்ப் பதிவிலிருந்து வந்தது என்ற விவரமும் ஒவ்வொரு எச்சரிக்கையோடு சேர்ந்து வந்தால், பிழை முளைத்த இடத்தைத் தேடிப் பிடிக்கலாம். மையத்தின் ஒற்றைச் சராசரியில் அந்தத் தடம் கரைந்துவிடும். குளவி விடுவதா, குச்சியை எரிப்பதா என்ற முடிவோ வயலை நேரில் பார்த்த விவசாயியிடமும் வேளாண் அலுவலரிடமும்தான் இருக்க வேண்டும். இத்தனைக்கும் முன்னால், எந்தக் கட்டு எந்த ஊரிலிருந்து மலையேறியது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்க வேண்டும். அதற்குக் கணினிகூடத் தேவையில்லை.