ஈரத்துக்கு ஆகாத வெளிச்சம்

கொச்சி மெட்ரோவில் ஆலுவாவிலிருந்து கிளம்பினால், களமசேரியைத் தாண்டியதும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் வரும். நம் கைப்பேசியின் ஓஎல்இடி திரைக்கும் அந்த வளாகத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

ஓஎல்இடி திரைக்குப் பின்விளக்கு கிடையாது. கரிமப் பொருள் தானே ஒளிர்கிறது. தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்குதான் அதன் படலம். ஒருபக்கம் எலக்ட்ரானும் மறுபக்கம் அது இல்லாத காலியிடமும் நகர்ந்து வந்து நடுவில் சேரும்போது ஒளி பிறக்கிறது. 1960களில் ஆந்த்ரசீன் படிகத்தை இப்படி ஒளிரவைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. 1987இல் கோடக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் இரண்டு மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தார்கள். பத்து வோல்ட்டுக்குள் பச்சை ஒளி வந்தது.

அந்த ஒளி வெளியே வர வேண்டுமே! ஒரு மின்முனையாவது கண்ணாடிபோல அதை ஊடுருவ விட வேண்டும். உலோகம்போல மின்சாரத்தையும் கடத்த வேண்டும். இரண்டும் ஒரே பொருளில் அமைவது அபூர்வம். இண்டியம் டின் ஆக்சைடு அப்படி ஒன்று. அந்தக் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த எம்.கே. ஜெயராஜும் அவருடைய மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்தது இத்தகைய ஆக்சைடு படலங்களில்தான். இண்டியம் அரிய உலோகம், விலையும் அதிகம். அதனால் மலிவான துத்தநாக ஆக்சைடையும் ஆராய்ந்தார்கள். திரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறத்தைத்தான் பாராட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், கண்ணுக்கே தெரியாத இந்தப் பூச்சுக்குத்தான் முதல் மரியாதை.

நிறங்களில் இன்னும் முரண்டு பிடிப்பது நீலம். பிளாட்டினம், இரிடியம் போன்ற கன உலோகங்களைச் சேர்த்து, 1998 முதல் சிவப்பிலும் பச்சையிலும் வீணாகிக்கொண்டிருந்த ஆற்றலையும் ஒளியாக்கினார்கள். நீலத்தில் அதே வித்தை நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

இன்னொரு எதிரி ஈரம். ஆய்வகத்தில் ஓஎல்இடியை நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியே கைவிட்டுக் கையாள்கிறார்கள். கொச்சியின் ஆனி மாத ஈரக் காற்று துளி உள்ளே புகுந்தாலும் ஒளிரும் பரப்பில் கறுப்புப் புள்ளிகள் முளைத்துப் பெருகும். ஒரு சதுர மீட்டர் மூடுபடலம் ஒரு நாளில் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவிக்குமேல் உள்ளே விடக் கூடாது என்பது கணக்கு.

உங்கள் ஓஎல்இடி திரையில் விரிசல் விழுந்து, ஈரம் புகுந்து, அதன் ஓரமாகக் கறுப்பு படர்ந்தால், நாள் கடத்தாதீர்கள். முதலில் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.