ஒரு போத்தல் காற்று

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் மலேசியாவின் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சரிவுகளின் லயங்களில் குடியேறி, கொழுந்து கிள்ளிப் பிழைக்கத் தொடங்கின. அதற்கு வெகுகாலம் முன்பே, காற்றை விசையாக்கிக் குறி தவறாமல் எய்யும் கருவி ஒன்று அதே காட்டில் புழக்கத்தில் இருந்தது. மலையின் பூர்வகுடிகளான செமாய் மக்களின் ஊதுகுழல் அது. மலாய்க்காரர்கள் அதைச் சும்பிட் என்கிறார்கள்.

அதற்கான மூங்கில் தித்திவாங்சா மலைத்தொடரின் உயரமான இடங்களில் வளர்கிறது. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்துக்குத் தடுப்பே இராது. அப்படி ஒரு துண்டை வெட்டி எடுத்தால் உட்புறம் வழவழப்பான நெடுங்குழல் கிடைத்துவிடும். அது வளைந்துவிடாதபடி இன்னொரு மூங்கிலை உறையாகப் போடுகிறார்கள். அம்பு மெல்லிய குச்சிதான். நுட்பமெல்லாம் அதன் பின்முனையில் இருக்கிறது. நெட்டி போல எடையே இல்லாத தக்கையைக் கூம்பாகச் செதுக்கி அங்கே பொருத்துகிறார்கள். கூம்பின் அகலம் குழலின் துளைக்கு இம்மியும் பிசகாமல் இருக்க வேண்டும். இறுகினால் அம்பு நகராது, தளர்ந்தால் ஊதிய காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும். குழலை விட்டு வெளியேறிய பிறகும் அந்தக் கூம்புக்கு வேலை இருக்கிறது. காற்று அதைப் பின்னுக்கு இழுப்பதால் அம்பு புரளாமல் முனை முன்னே பார்த்தபடி பறக்கிறது. முனையில் தடவும் நஞ்சு ஈப்போ மரத்தின் பால். ஈப்போ நகரத்துக்குப் பெயர் தந்ததும் அந்த மரம்தான்.

நஞ்சையும் வேட்டையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், குழந்தைகளுக்கான காற்று ஏவுகருவியை வடிவமைக்க முனைகிறவருக்கு வேண்டிய பாடம் அந்தக் குழலிலேயே இருக்கிறது. குழாய்க்கும் எறிபொருளுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி, எறிபொருளைக் காற்று எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போகிறது என்பது, வால் பின்னால் நிற்பதற்கான ஏற்பாடு ஆகியவை சரியாக அமைந்தால் கருவி வேலை செய்யும். நான்காவதாக ஒன்று உண்டு. அது குழந்தைகளுக்கு மட்டுமே உரியது: காற்றைச் சேமித்து வைப்பதா, வேண்டாமா?

சேமிக்காத விளையாட்டுக் கருவிகள் ஆசியாவெங்கும் உண்டு. மலாய்க் கிராமத்துப் பிள்ளைகள் மூங்கில் குழலின் இரு முனைகளிலும் செனராய்க் காயை அடைத்து, ஒரு காயைக் குச்சியால் உள்ளே தள்ளுவார்கள். நடுவே அகப்பட்ட காற்று நெருக்குண்டு, எதிர்முனைக் காய் 'டப்' என்று பாயும். சத்தீஸ்கரின் ஜகதல்பூரில் தேர்த்திருவிழாவை ஒட்டி வரும் கோன்சா விழாவில், துப்கி என்ற மூங்கில் துப்பாக்கியில் பெங் என்னும் சிறு காய்களை வைத்துச் சுடுவது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. இவற்றில் குச்சியைத் தள்ளும் கணத்தில்தான் அழுத்தம் பிறக்கிறது. அடுத்த கணமே தீர்ந்தும் விடுகிறது.

நெருப்பைக் கொண்டு வெடிக்கும் மூங்கில் பீரங்கி வேறு ரகம். நோன்புப் பெருநாள் காலத்தில் கார்பைடு போட்டு அதை வெடிக்கப்போய் விரலையும் கண்ணையும் இழந்த பிள்ளைகளைப் பற்றிய செய்தி மலேசிய நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகளுக்குப் பாய்வதும் வெடிச்சத்தமும் பிடிக்கும். அந்த ஆசைக்கு நெருப்பில்லாத வழி ஒன்றைப் பெரியவர்கள் காட்டித்தர வேண்டும்.

அந்த வழிக்கான பொருள்கள் கேமரன் மலையில் எங்கும் கிடக்கின்றன. காய்கறித் தோட்டங்களில் தண்ணீர் பாய்ச்சுவதற்குப் போட்டு மிஞ்சிய அரை அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு, பழைய சைக்கிள் டியூப், காலியான ஒன்றரை லிட்டர் குளிர்பானப் போத்தல், ஏ4 காகிதம், செலோடேப். அமெரிக்காவின் நாசாவும் அதன் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் பள்ளிகளுக்குப் பரிந்துரைக்கும் 'மிதி ராக்கெட்' இவற்றால் ஆனதே.

டியூபை வால்வு இருக்கும் பகுதியை விட்டு வெட்டி, ஒரு முனையைப் போத்தலின் கழுத்தில் மாட்டி டேப்பால் இறுகச் சுற்ற வேண்டும். மறுமுனையைக் குழாயில் மாட்ட வேண்டும். குழாய் நிமிர்ந்து நிற்க ஒரு பலகை அடித்தளம் போதும். மேல்முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். ராக்கெட் குழாய்க்குள் போவதில்லை, குழாயின் மேல் தொப்பியாக உட்காருகிறது. காகிதத்தை அதே அளவுள்ள இன்னொரு குழாய்த் துண்டின் மேல் சுருட்டி ஒட்டலாம். சுருளுக்குள் குழாய் உரசாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. தக்கைக் கூம்பைச் செதுக்கும் செமாய்க்காரர் பார்க்கும் அதே பொருத்தம்தான் இது. சுருளின் தலையை மடித்துக் காற்றுப் புகாமல் ஒட்டி, அதன் மேல் ஸ்பாஞ்சு ஒன்றைப் பொருத்த வேண்டும். வால்பக்கம் மூன்று சிறகுகள்.

போத்தலை மிதித்தால் அது சப்பையாகும், ராக்கெட் கிளம்பும். சப்பையான போத்தலை மறுபடி உப்பவைக்கக் குழாய் வழியாக ஊத வேண்டும். வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஒரே குழாயில் வாய் வைப்பது நல்லதல்ல. குழாய் முனையைக் கைக்குள் பொத்திப் பிடித்து, மடக்கிய விரல்களின் இடுக்கில் வாய் வைத்து ஊதினால் உதடு குழாயில் படாது. சின்ன யுக்தியானாலும் ஆசிரியர்களுக்குப் பெரிய உதவி.

குளிர்பானப் போத்தலைத்தான் எடுக்க வேண்டும், சாதாரணத் தண்ணீர்ப் போத்தல் ஆகாது. குளிர்பானப் போத்தல் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்டது. மிதிபட்டு மிதிபட்டு அதுவும் ஒருநாள் கிழியும். அப்போது 'புஸ்' என்று காற்று போவதோடு சரி. கருவியின் மிக நலிந்த உறுப்பு போத்தல்தான், அது பழுதானால் யாருக்கும் காயமில்லை, புதிதாய் மாற்றச் செலவுமில்லை. இந்த வடிவமைப்பின் உயிர்நாடி இதுதான்.

முப்பது கிலோ எடையுள்ள பிள்ளை போத்தலின் மேல் ஏறி நிற்பதாகக் கொள்வோம். பாதம் படும் பரப்பு சுமார் நூறு சதுர சென்டிமீட்டர். அப்படியானால் உள்ளே உண்டாகும் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 30 கிலோபாஸ்கல், அதாவது கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. குதித்து மிதித்தால் கூடும். ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். 22 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் காகிதக் குழலின் மூடிய தலையில் 30 கிலோபாஸ்கல் அழுத்தம் பட்டால், அதன் எடையைப் போல இருநூறு மடங்குக்கு மேற்பட்ட விசை அதைத் தள்ளும். காகிதம் கண்ணிமைக்கும் நேரத்தில் கூரையைத் தாண்டிப் போவதற்கு இதுவே காரணம்.

டியூபின் நீளத்தில்தான் வடிவமைப்பவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. நீளம் கூடக்கூட மிதிக்கும் பிள்ளை ஏவுகுழாயிலிருந்து தள்ளி நிற்கலாம். ஆனால் டியூபுக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்து நெருக்க வேண்டியிருப்பதால் விசை குறையும். ஒரு மீட்டர் டியூபுக்குள் ஏறக்குறைய அரை லிட்டர் காற்று நிற்கிறது, அது போத்தலின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு. உயரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் ஒரு மீட்டர் வைப்பதே நல்லது. முகத்துக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள தூரத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இந்த இடத்தில் பலருக்கும் ஓர் ஆசை எழும். மிதிப்பதற்குப் பதிலாகத் தடித்த பி.வி.சி. குழாயில் சைக்கிள் பம்பால் காற்றடைத்து, ஒரு வால்வைத் திறந்தால் ராக்கெட் இன்னும் உயரம் போகுமே என்று. போகும், ஆனால் அதைச் செய்யக் கூடாது. பி.வி.சி. குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கானது. அழுத்தினால் தண்ணீர் சுருங்குவதில்லை, ஆகவே குழாய் வெடித்தாலும் பீறிட்டு அடங்கிவிடும். காற்று சுருங்கி ஆற்றலைத் தேக்கிவைக்கிறது. குழாய் விரிசல் விட்டால் அந்த ஆற்றல் அத்தனையும் கூரிய சில்லுகளாய்ச் சிதறும். வெயிலில் கிடந்து நொய்ந்த பழைய குழாய் இன்னும் மோசம். தொழிற்சாலைகளில் வெளியே தெரியும்படி பதித்த பி.வி.சி. குழாய்களில் அழுத்தக் காற்றைச் செலுத்துவதன் ஆபத்தை அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1988-லேயே எச்சரித்தது. மிதி ராக்கெட்டில் பி.வி.சி. ஒரு திறந்த வழி மட்டுமே, அதில் காற்று தங்குவதில்லை.

சேமித்த காற்றைக் கொண்டு பொம்மை செய்து உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் லானி ஜான்சன். நாசாவின் வியாழன் பயணத் திட்டமான கலிலியோவில் பணியாற்றிய பொறியாளர் அவர். 1982-இல் குளிரூட்டும் வாயுவுக்குப் பதிலாகத் தண்ணீரைப் பயன்படுத்தும் வெப்பப் பம்பு ஒன்றை வீட்டில் சோதித்துக்கொண்டிருந்தபோது, குளியலறையில் பீறிட்ட நீர்த்தாரையைப் பார்த்துத் தண்ணீர்த் துப்பாக்கியின் எண்ணம் பிறந்தது. முதல் மாதிரியை பி.வி.சி. குழாயும் அக்ரிலிக்கும் சோடாப் போத்தலும் கொண்டு செய்தார். 1990-இல் விற்பனைக்கு வந்த அந்தப் பொம்மை அடுத்த ஆண்டு சூப்பர் சோக்கர் என்ற பெயரில் கடைகளை நிறைத்தது. பிள்ளையின் சின்னக் கை பல முறை பம்பு அடித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த அழுத்தம் ஒரே நேரத்தில் வெளிப்படுகிறது என்பதுதான் அதன் சூட்சுமம். அதற்குப் பரிசோதிக்கப்பட்ட கலனும் தொழிற்சாலைத் தரமும் வேண்டும். வீட்டுக் கொல்லையில் அதை நகலெடுக்க முடியாது.

காகிதம்தானே என்று மிதி ராக்கெட்டையும் லேசாக எண்ணிவிடக் கூடாது. கடினமான முனையுள்ள எறிபொருளின் ஆற்றல் 0.08 ஜூலுக்கு மேல் போகக் கூடாது என்பது பொம்மைத் தரநிலைகளில் காணும் வரம்பு. 5 கிராம் காகிதம் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் ஆற்றல் 1 ஜூல். அந்த வரம்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு! ஸ்பாஞ்சுத் தலை அழகுக்காக வைப்பதல்ல என்பது இந்தக் கணக்கில் விளங்கும். குழாய் எப்போதும் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும், ராக்கெட் மாட்டிய குழாயின் மேல் யாரும் குனியக் கூடாது. கருவிக்குத் துப்பாக்கி வடிவம் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதக் கணக்கில்தான் சேர்க்கிறது.

இத்தனை கவனத்தோடு செய்தால் இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைப்பது அரிது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' ஒரு பாடம். செய்து, சோதித்து, குறை கண்டு, திருத்துவதுதான் அதன் சாரம். கழித்துப்போட்ட பொருள்களில் அறிவியல் பொம்மை செய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட அரவிந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுக் கிராமப் பள்ளிகளைத் தேடிப் போனவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஃபிலிம் டப்பாவிலும் சைக்கிள் டியூப் துண்டிலும் அவர் செய்துகாட்டிய பம்பு, காற்றின் அழுத்தத்தைப் பிள்ளைகளின் கைக்கே கொண்டுவந்தது. அவருடைய செய்முறைப் படங்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

ராக்கெட் புரண்டு விழுந்தால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். ராக்கெட் சமனாய் நிற்கும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். தலை முன்னே போனால் நேராய்ப் பறக்கும். வால் முந்தினாலோ பக்கவாட்டில் திரும்பினாலோ சிறகைப் பெரிதாக்க வேண்டும், அல்லது தலையில் இன்னும் இரண்டு சுற்று டேப் போட வேண்டும். இந்தக் கட்டத்தைத் தேறியவர்களுக்கு அடுத்த படி தண்ணீர் ராக்கெட். ஆசிய பசிபிக் வட்டார விண்வெளி முகமைகளின் மன்றம் 12 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்காக 2005-இல் தண்ணீர் ராக்கெட் போட்டியைத் தொடங்கியது. 2012-இல் அந்த மன்றம் கூடியது கோலாலம்பூரில்.

கேமரன் மலைக்கென்றே சில கூடுதல் வசதிகள் உண்டு. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியானது என்பதையும் கணக்கில் சேர்த்தால், கோலாலம்பூர் காற்றைவிட மலைக்காற்று எட்டில் ஒரு பங்கு லேசாக இருக்கும். தடை குறைவதால் அதே மிதிக்கு ராக்கெட் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இடைஞ்சல் மழைதான். பிற்பகல் தூறலில் காகிதம் ஊறிப்போகும், ஆகவே சுருளின் மேல் முழுதாய் டேப் ஒட்டிவிடுவது நல்லது.

சமதளத் திடலில் காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 45 பாகை சாய்த்து ஏவும்போதுதான் அதிக தூரம் கிடைக்கும். தேயிலைச் சரிவில் அந்தக் கணக்கு மாறுகிறது. ஆள் நடமாட்டமில்லாத சரிவில் இறக்கத்தின் பக்கமாக ஏவினால், சரிவின் கோணத்தில் பாதியை 45-இலிருந்து கழிக்க வேண்டும். 20 பாகைச் சரிவுக்கு 35 பாகை. ஏற்றத்தின் பக்கமாக ஏவினால் அதே பாதியைக் கூட்டி 55 பாகை. காற்றுத் தடையால் இந்த எண்கள் இன்னும் சில பாகை கீழிறங்கும். எத்தனை பாகை என்பது அந்தந்த ராக்கெட்டின் எடையையும் சிறகையும் பொறுத்தது. ஒவ்வொரு ஏவலின் கோணத்தையும் தூரத்தையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தால், ஒரு பிற்பகலுக்குள் வகுப்பே அதைக் கண்டுபிடித்துவிடும்.