ஸ்பீடி (போர்க்கப்பல்)

ஸ்பீடி என்பது பிரித்தானிய அரச கடற்படையின் சிறிய பாய்மரப் போர்க்கப்பல் ஆகும். இரண்டு பாய்மரங்களைக் கொண்ட 'பிரிக்' வகையைச் சேர்ந்த இக்கப்பல் இங்கிலாந்தின் டோவர் நகரில் கட்டப்பட்டு, 1782 ஜூன் மாதம் கடலில் இறக்கப்பட்டது. 1801இல் தன்னைவிடப் பன்மடங்கு வலிமையான எசுப்பானியக் கப்பலைக் கைப்பற்றியதால் புகழ்பெற்றது.

அமைப்பு

இதன் நீளம் சுமார் 24 மீட்டர். இதில் 14 சிறிய பீரங்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 4 பவுண்டு (சுமார் 1.8 கிலோகிராம்) எடையுள்ள குண்டைச் சுடும். ஒரு பக்கத்தில் உள்ள ஏழு பீரங்கிகளும் ஒரே நேரத்தில் சுட்டாலும் குண்டுகளின் மொத்த எடை 13 கிலோகிராமைத் தாண்டாது. இத்தகைய கப்பல்கள் பெரும் போர்களுக்கானவை அல்ல. வணிகக் கப்பல்களுக்குக் காவல் செல்வதும், எதிரியின் சரக்குக் கப்பல்களைப் பிடிப்பதுமே இவற்றின் பணி.

தொடக்ககாலப் பணி

பிரெஞ்சுப் புரட்சிப் போர்களின்போது ஸ்பீடி நடுநிலக் கடலில் பணியாற்றியது. 1794 ஜூனில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டது. 1795 மார்ச்சில் பிரித்தானியர் அதை மீட்டனர்.

கமோவுடன் மோதல்

1800இல் தாமசு காக்ரேன் இதன் தலைவரானார். 1801 மே 6 அன்று, பார்சிலோனாவுக்கு அருகில், 32 பீரங்கிகள் கொண்ட 'கமோ' என்ற எசுப்பானியக் கப்பலை ஸ்பீடி எதிர்கொண்டது. கமோவில் 319 பேர் இருந்தனர். ஸ்பீடியில் இருந்தவர்கள் 54 பேர் மட்டுமே.

காக்ரேன் முதலில் அமெரிக்கக் கொடியை ஏற்றி எதிரியைக் குழப்பினார். பின்னர் கமோவின் பக்கவாட்டை ஒட்டித் தம் கப்பலை நிறுத்தினார். உயரமான கமோவின் பீரங்கிகளை அவ்வளவு தாழ்த்திச் சுட இயலவில்லை; குண்டுகள் ஸ்பீடியின் பாய்களையும் கயிறுகளையுமே தாக்கின. ஸ்பீடியின் பீரங்கிகளோ மேல்நோக்கிச் சுட்டன. இறுதியில், மருத்துவரைச் சுக்கானில் விட்டுவிட்டு மற்றவர்கள் கமோவில் ஏறிப் போரிட்டனர். சண்டையின் நடுவே எசுப்பானியக் கொடி இறக்கப்பட்டது. தம் அதிகாரிகளே சரணடைந்ததாக எண்ணிய எசுப்பானியர் போரை நிறுத்தினர். கமோவின் தலைவர் உட்படச் சுமார் 15 பேர் இறந்தனர். ஸ்பீடியில் மூவர் இறந்தனர்.

இவ்வெற்றிக்குப் பின்னரும் காக்ரேனின் பதவி உயர்வு தாமதமானது. போரில் படுகாயமுற்ற துணை அதிகாரி பார்க்கருக்கு அவர் கேட்ட பதவி உயர்வும் மறுக்கப்பட்டது. உயிரிழப்பு குறைவு என்பதே கடற்படைத் தலைமை கூறிய காரணம்.

இறுதிக்காலம்

1801 ஜூலை 3 அன்று லினுவா தலைமையிலான மூன்று பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஸ்பீடியைத் துரத்தின. எடையைக் குறைக்கப் பீரங்கிகளையே கடலில் எறிந்தும் தப்ப முடியாமல் காக்ரேன் சரணடைந்தார். அவரது வீரத்தை மதித்த பிரெஞ்சுத் தலைவர் அவருடைய வாளை வாங்க மறுத்தார். பின்னர் நெப்போலியன் இக்கப்பலைத் திருத்தந்தையின் கடற்படைக்கு வழங்கினார். அங்கு சில ஆண்டுகள் பணியாற்றிய பின் இது பணியிலிருந்து நீக்கப்பட்டது.

பாட்ரிக் ஓ'பிரையன் 1969இல் எழுதிய 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' புதினத்தில் வரும் சிறு கப்பலின் கதைக்கு ஸ்பீடியின் வரலாறே அடிப்படையாகும்.