மண்ணின் மைந்தர் யார்?

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பொம்மசந்திராவை அடுத்து வருவது சந்தாபுரா. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டபடியால், நகரத்து அன்பர்களும் இப்பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கியுள்ளனர். சென்ற ஞாயிறன்று நாமும் அவ்வாறே நண்பர் ஒருவர் இல்லத்தில் கூடினோம். பத்தரை மணிக்கு இலை போட்டார்கள். இதனைச் சிற்றுண்டி என்பதா, பகலுணவு என்பதா என்று முதலில் ஒரு வழக்கு எழுந்தது. தருமபுரிக்காரராகிய நண்பர் ராகிக் களியும் வைத்திருந்தார், காராபாத்தும் வைத்திருந்தார். இரண்டும் தீர்ந்தன, வழக்குத் தீரவில்லை.

ஆயினும் பிற்பகல்வரை நம்மைப் பிடித்து வைத்தது வேறொரு வழக்கு. 2024 ஜூலை 15 அன்று கருநாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு இசைவளித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். தனியார் நிறுவனங்களில் நிருவாகப் பணிகளில் 50 விழுக்காடும், ஏனைய பணிகளில் 70 விழுக்காடும் உள்ளூராருக்கே என்பது அதன் சாரம். தொழில்துறையினர் கடுமையாக எதிர்க்கவே, இரண்டே நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தி வைத்ததை மீண்டும் எடுக்கலாம் அன்றோ? அந்த அச்சமே அன்றைய பேச்சுக்கு வித்து.

உள்ளூரார் என்பவர் யார்? மசோதாவின்படி, கருநாடகத்தில் பிறந்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவர். பள்ளியிறுதியில் கன்னடம் பயிலாதவராயின் ஒரு தேர்விலும் தேற வேண்டும். நம் நண்பர் முப்பது ஆண்டுகட்கு மேலாக இங்கே கடைசல் இயந்திரத்தோடு நின்றவர். அவருடைய ஆலையில் ஆட்குறைப்புப் பேச்சு நடக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் வேறு வாயில் தேட நேரலாம். அவர் மகளோ ஆனேக்கல் மருத்துவமனையில் பிறந்தவள். பள்ளியில் கன்னடம் பயின்றவள்.

"அப்படியானால் நான் உள்ளூர், நீங்கள் வெளியூரா அப்பா?" என்று அப்பெண் கேட்டாள். அனைவரும் சிரித்தோம். நண்பர் சிரிக்கவில்லை.

சிறு பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர், "சட்டம் போட்டால் ஆள் முளைத்துவிடுமா, அண்ணே? நல்ல வெல்டர் ஒருவர் கிடைக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று" என்றார். தக்கவர் கிடைக்காவிடில் மூன்றாண்டுக்குள் பயிற்றுவிக்க வேண்டும் என மசோதாவிலேயே விதி இருந்தது. பயிற்றும் செலவு யாருடையது என்று அவர் கேட்டதற்கு ஒருவரும் விடை கூறவில்லை. மற்றொருவர் அரியானாவை எடுத்துக்காட்டினார். மாதம் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட பணிகளில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கிய அம்மாநிலச் சட்டத்தை, 2023 நவம்பரில் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. எனவே இதுவும் நில்லாது என்பது அவர் துணிபு. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில் என்பதையும் நாம் நினைவூட்டினோம். தீர்ப்பு வரும்வரை வேலையில்லாதவன் வயிறு காத்திருக்குமோ?

அதுவரை வாய் திறவாதிருந்த பெரியவர் ஒருவர் அப்போது பேசலானார். இந்தத் தொழிற்பேட்டைகள் எழுந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் ராகி விளைந்த நிலம் என்றார் அவர். நிலம் கொடுத்தவன் பேரன், அதே நிலத்து ஆலை வாயிலில் காவலுக்கு நிற்கிறான். உள்ளே வெளியூரார் அமர்ந்திருக்கிறார்கள். அவன் கேட்பதில் நியாயமில்லையா? மேலும், 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தன் அறிக்கையில் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் 75 விழுக்காடு வேலை உள்ளூராருக்கென வாக்களித்தபோது நம்முள் எத்தனை பேர் கைதட்டினோம் என்றும் வினவினார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. நாமும் கைதட்டியவர்களுள் ஒருவரே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெரியவர் கூற்றில் பெரும்பகுதி நமக்கு உடன்பாடே. ஆனால் பிறப்பிடத்தை அளவுகோலாக்குவதை நம்மால் ஏற்க இயலவில்லை. முப்பது ஆண்டு உழைப்பினும் பிறந்த சான்றிதழ் பெரிதாகுமாயின், மொழி கற்றும் பயனில்லாமற் போகும். வாழ்ந்த ஆண்டும் மொழியறிவும் போதும் என்றிருந்தால் நாம் வாதாடவே மாட்டோம்.

ஆயத்த ஆடை ஆலையில் பணிபுரியும் அம்மையார் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒப்பந்தக்காரர் ஆறு மாதத்துக்கொருமுறை எங்களை மாற்றுகிறார். எங்களை யார் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?" என்றார். கேள்வி அப்படியே நின்றது, காப்பி வந்தது.

விடைபெறும் வேளையில் நண்பர் நம்மைத் தனியே அழைத்தார். கன்னடம் நன்றாகப் பேசுவார், எழுத்துத் தெரியாது. சங்கத்தில் ஞாயிறு மாலைகளில் பெரியவர்களுக்குக் கன்னட எழுத்து வகுப்பு வைக்க இயலுமா என்று கேட்டார். அடுத்த செயற்குழுவில் இதனை முன்வைக்க இருக்கிறோம். கற்பிக்கத் தாமே வருவதாக அவர் மகள் வாக்களித்துள்ளாள்.