பழைய ஐ5-ஐ ஓவர்கிளாக் பண்ணலாமா? அரக்கோணம் வெயிலுக்கு ஒரு கணக்கு

வீட்டுல இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் பழைய டெஸ்க்டாப். புதுசு வாங்க இப்போ காசு இல்ல. கேம் திக்குது, வீடியோ ரெண்டர் ஆக ராத்திரி முழுக்க ஆகுது. அப்போதான் 'ஓவர்கிளாக் பண்ணிடலாமா?'ன்னு தோணும். பண்ணலாம். ஆனா சிப்பைக் காப்பாத்திக்கிட்டே பண்ணணும்.

உதாரணத்துக்கு இன்டெல் கோர் ஐ5-2500கே. 2011 ஜனவரியில வந்த சிப். அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை மல்டிபிளையர் 33-ஆல பெருக்கினா வர்ற வேகம். அந்த 33-ஐ 40, 42-ன்னு ஏத்துறதுதான் ஓவர்கிளாக். பேர்ல இருக்கிற 'கே' எழுத்துதான் மல்டிபிளையர் பூட்டு இல்லைன்னு சொல்லுது. வெறும் 2400, 2500 வெச்சிருந்தா பெருசா எதுவும் ஏத்த முடியாது. போர்டும் பி67, இசட்68, இசட்77 மாதிரி இருக்கணும். நம்ம ஊர்ல நிறைய பேர் வெச்சிருக்கிற எச்61 போர்டுல இது நடக்காது. 100-ங்கிற அடிப்படை கிளாக்கை மட்டும் தொடாதீங்க. இந்தத் தலைமுறையில ஹார்ட் டிஸ்க் இணைப்பு உட்பட மத்த பாகங்களும் அதோடயே ஓடுது.

இப்போ சூடு. சிப்போட மின்செலவு வேகத்தோட நேரா ஏறும், வோல்டேஜோட வர்க்கமா ஏறும். 3.3-ல இருந்து 4.2-க்குப் போனா, வோல்டேஜ் மாறாம இருந்தா சூடு சுமார் 27 சதவீதம் கூடும். கூடவே 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கினா? மொத்தம் சுமார் 61 சதவீதம். வெறும் 0.15 வோல்ட் பண்ற வேலை இது!

வெளிநாட்டு வீடியோவுல 'எனக்கு 72 டிகிரிதான் வருது'ன்னு சொல்றவரோட அறை 22 டிகிரியில இருக்கலாம். பக்கத்துல திருத்தணி, கோடையில 40-ஐத் தாண்டுற ஊர். அரக்கோணத்துல மே மாச மதியம், ஏசி இல்லாத அறை 38-ன்னு வெச்சுக்குங்க. அதே கூலர், அதே செட்டிங், 16 டிகிரி கூடும்: 88. இந்தச் சிப் 98 டிகிரி கிட்டப் போனா தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்புறம் ஓவர்கிளாக் பண்ணி என்ன பிரயோஜனம்? அதனால டிசம்பர் ராத்திரியில டெஸ்ட் பண்ணி 'பாஸ்'னு சொல்லாதீங்க. மதியம் ரெண்டு மணிக்குப் பண்ணுங்க.

வரிசை இதுதான். முதல்ல முக்கியமான ஃபைல்களை பேக்கப் எடுங்க. நிலையில்லாத ஓவர்கிளாக், ஸ்கிரீன் நீலமாகாமலே ஃபைலைக் கெடுக்கும். அடுத்து தூசி தட்டி, காய்ஞ்சுபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சுப் புதுசு போடுங்க. சிப்போட வந்த சின்ன கூலர் போதாது, நல்ல டவர் கூலர் வேணும். எஸ்எம்பிஎஸ் மலிவான லோக்கல் சரக்கா இருந்தா இங்கேயே நிறுத்திடுங்க. கூடுதல் லோடுல அது போனா கூடவே போர்டையும் இழுத்துக்கிட்டுப் போகலாம்.

அப்புறம் பயாஸ்ல மல்டிபிளையரை ஒண்ணு ஒண்ணா ஏத்துங்க. ஒவ்வொரு தடவையும் ப்ரைம்95 ஓட்டி வெப்பநிலையைப் பாருங்க. 85 தாண்டினா ஒரு படி இறங்குங்க. வோல்டேஜை 'ஆட்டோ'ல விடாதீங்க, போர்டு தேவைக்கு மேல ஊத்தும். 1.35-ஐ எல்லையா வெச்சுக்குங்க. நிறைய 2500கே சிப்கள் 4.2-ஐ அதுக்குக் கீழேயே தாங்கும். பூட் ஆகலைன்னா பதற வேண்டாம். பவர் ஒயரைப் பிடுங்கிட்டு, போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழட்டி வெச்சா பழைய செட்டிங்குக்குத் திரும்பிடும்.

கடைசியா ஒண்ணு. உங்க பிரச்சனை விண்டோஸ் மெதுவா திறக்குறதுன்னா, ஓவர்கிளாக் அதைத் தீர்க்காது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க, ரேம் 4 ஜிபின்னா 8 ஆக்குங்க. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. இந்தச் சிப் விண்டோஸ் 11 பட்டியல்லயும் இல்ல. அதனால லினக்ஸையும் யோசிங்க. எஸ்எஸ்டி போட்டும் கேமும் ரெண்டரும் திக்கினா மட்டும் பயாஸைத் திறங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!