அழித்த கோப்பு உண்மையில் அழிந்ததா? கிளவுட் சேமிப்பகத்தில் ஆவணம் ஏன் முக்கியம்

மருத்துவமனை ஸ்கேன் படங்கள், வங்கி ஸ்டேட்மென்ட்டுகள், செயலிகளில் நாம் ஏற்றும் புகைப்படங்கள் எனப் பலவும் இன்று போய்ச் சேரும் இடம் கிளவுட் நிறுவனங்களின் ‘ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்’. அமேசான் 2006 மார்ச் 14 அன்று தொடங்கிய எஸ்3 இந்தத் துறைக்கு வழிகாட்டியது. கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ், மைக்ரோசாஃப்டின் அஸூர் பிளாப் ஸ்டோரேஜ் போன்றவையும் இன்று பரவலாகப் பயன்படுகின்றன.

மென்பொருள்கள் இந்தச் சேமிப்பகங்களிடம் ஏபிஐ என்ற இடைமுகம் வழியாகவே பேசுகின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்பதை டெவலப்பரால் எட்டிப்பார்க்க முடியாது. நிறுவனம் எழுதிவைத்திருக்கும் ஏபிஐ ஆவணத்தை நம்பித்தான் அவர் நிரல் எழுதுகிறார். அந்த ஆவணம் தெளிவாக இல்லாவிட்டால் தரவு போகலாம், பணம் போகலாம், சட்டச் சிக்கலும் வரலாம். இதைப் புரிந்துகொள்ள ‘வெர்ஷனிங்’ வசதியை எடுத்துக்கொள்வோம்.

வெர்ஷனிங் என்றால் என்ன?

எஸ்3-இல் கோப்புகள் ‘பக்கெட்’ என்ற தொகுப்புக்குள் இருக்கும். இயல்பான நிலையில், ஒரே பெயரில் இரண்டாவது முறை கோப்பை ஏற்றினால் பழையது போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. இந்த ஆபத்தைத் தவிர்க்க, 2010-இல் வெர்ஷனிங் அறிமுகமானது. இதை இயக்கினால், ஏற்றும் ஒவ்வொரு முறையும் கோப்புக்குப் புதிய பதிப்பு அடையாளம் கிடைக்கும். பழைய பதிப்புகளும் அப்படியே இருக்கும்.

ஒரு பக்கெட் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கலாம்: வெர்ஷனிங் ஒருபோதும் இயக்கப்படாத நிலை, இயக்கத்தில் உள்ள நிலை, நிறுத்திவைக்கப்பட்ட நிலை. ஒருமுறை இயக்கிவிட்டால் முதல் நிலைக்குத் திரும்பவே முடியாது. நிறுத்திவைக்க மட்டுமே முடியும்.

ஒரே கட்டளை, வெவ்வேறு விளைவு

‘மார்ச்-கணக்கு’ என்ற கோப்பை அழிக்கும்படி எஸ்3-க்குக் கட்டளை அனுப்புவதாகக் கொள்வோம். வெர்ஷனிங் இயக்கப்படாத பக்கெட் என்றால் கோப்பு அத்தோடு போயிற்று. வெர்ஷனிங் இயக்கத்தில் இருந்தால் எதுவும் அழியாது. கோப்பின் மேல் ஒரு ‘நீக்கக் குறி’ மட்டும் வைக்கப்படும். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்துவிடுவதற்கும் தாளையே கிழித்தெறிவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இதற்குப் பிறகு கோப்பைக் கேட்டால் ‘404, கிடைக்கவில்லை’ என்று பதில் வரும். ஆனால் பதிப்புகளின் பட்டியலைக் கேட்டால் பழைய பதிப்புகள் எல்லாம் வரிசையாக நிற்கும். நீக்கக் குறியை அதன் அடையாளத்தைச் சொல்லி அழித்தால் கோப்பு மறுபடியும் தெரியத் தொடங்கும். நிரந்தரமாக அழிக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு பதிப்பையும் அதனதன் அடையாளத்தோடு குறிப்பிட்டு அழிக்க வேண்டும்.

அழிப்பது வெற்றி பெற்றால், எல்லா நிலையிலும் திரும்பி வருவது ‘204’ என்ற ஒரே பதில்தான். நீக்கக் குறி வைக்கப்பட்டதா என்பதைப் பதிலோடு வரும் தலைப்பு வரிகளில் தேடித்தான் அறிய வேண்டும். ஆவணத்தில் அந்தப் பகுதியைப் படிக்காத டெவலப்பர், 204-ஐப் பார்த்ததும் கோப்பு ஒழிந்தது என்றே நினைப்பார்.

மூன்றாவது நிலைதான் ஆளை ஏமாற்றுவது. வெர்ஷனிங்கை இயக்கும் முன்பே பக்கெட்டில் இருந்த கோப்புகளுக்கு ‘வெற்று’ அடையாளமே உண்டு. நிறுத்திவைத்த பிறகு ஏற்றும் கோப்புகளுக்கும் அதே வெற்று அடையாளம்தான். ‘மார்ச்-கணக்கு’ முதலில் ஏறியது வெர்ஷனிங் வருவதற்கு முன்பு என்று வைத்துக்கொள்வோம். வெர்ஷனிங்கை இயக்கிய பிறகு ஒரு திருத்தப் பதிப்பு ஏறுகிறது. இரண்டும் பத்திரமாக உள்ளன. பின்னர் வெர்ஷனிங்கை நிறுத்திவைத்து மூன்றாவது முறை ஏற்றுகிறார்கள். நடுவில் ஏறிய பதிப்பு தப்பிக்கும். எல்லாவற்றுக்கும் மூலமான முதல் பதிப்பு மேலெழுதப்பட்டு மறைந்துவிடும்.

பணமும் சட்டமும்

எஸ்3 ஒவ்வொரு பதிப்பையும் முழுக் கோப்பாகவே சேமிக்கிறது. மாறிய பகுதிக்கு மட்டும் கட்டணம் என்ற பேச்சு இல்லை. 1 ஜிபி கோப்பை ஒரே பெயரில் 30 நாள் தினமும் ஏற்றினால், கண்ணுக்குத் தெரிவது 1 ஜிபி. மாத முடிவில் கணக்கில் நிற்பது 30 ஜிபி.

இதைக் கட்டுப்படுத்த, இத்தனை நாளுக்குப் பின் காலாவதி செய் என்று விதி எழுதலாம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெர்ஷனிங் உள்ள பக்கெட்டில் சாதாரணக் காலாவதி விதி நீக்கக் குறியைத்தான் வைக்கும். பழைய பதிப்புகள் ஒழிய வேண்டுமானால் அவற்றுக்கெனத் தனி விதி எழுத வேண்டும். இது தெரியாதவர் விதி எழுதியாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்; பில் ஏறிக்கொண்டே போகும்.

ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தன் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தனிமனிதருக்குத் தருகிறது. அப்படி ஒருவர் கேட்கும்போது நீக்கக் குறி வைத்துவிட்டு “அழித்துவிட்டோம்” என்று பதில் சொல்ல முடியாது.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை

கூகுள் கிளவுட் ஸ்டோரேஜில் நீக்கக் குறி என்பதே கிடையாது. வெர்ஷனிங் இயக்கத்தில் இருக்கும்போது கோப்பை அழித்தால் நடப்புப் பதிப்பு பழைய பதிப்பாக மாறும். ஒவ்வொரு பதிப்பையும் அதற்குரிய ‘தலைமுறை எண்’ என்ற அடையாளத்தைச் சொல்லிக் கேட்கலாம். அஸூரிலும் அழித்த கோப்பு முந்தைய பதிப்பாகிவிடும். ஆகவே ‘வெர்ஷனிங் வசதி உண்டு’ என்ற ஒற்றை வரி போதாது. இந்த நிலையில் இந்தக் கட்டளை கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

நடத்தை மாறும்போது

எஸ்3 ஏபிஐ-யின் பதிப்பு இன்றும் 2006-03-01 என்ற தேதியையே தாங்கி நிற்கிறது. கோப்புகளைப் பட்டியலிடப் புதிய முறை வந்தபோதும் பழையதை எடுத்துவிடவில்லை. ஆனால் வடிவம் மாறாமலேயே நடத்தை மாறலாம். 2020 டிசம்பருக்கு முன், கோப்பை மாற்றிய உடனே படித்தால் பழைய உள்ளடக்கம் வரக்கூடும் என்று எஸ்3 ஆவணம் எச்சரித்தது. அந்த மாதம் முதல் எழுதிய உடனே புதியதே கிடைக்கும் என்றானது. நல்ல மாற்றம்தான். என்றாலும் பழைய எச்சரிக்கையை நம்பி எழுதிய நிரல்களும் பாடங்களும் ஒரே நாளில் காலாவதியாகின.

2019-இல் பக்கெட்டுகளை அணுகும் பழைய முகவரி முறையை 2020 செப்டம்பர் 30-உடன் நிறுத்துவதாக அமேசான் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததால் பழைய பக்கெட்டுகளுக்கு விலக்கு அளித்தது. பிறகு அந்தக் கெடுவையும் தள்ளிவைத்தது. 2025 தொடக்கத்தில் டெவலப்பர்களுக்கு அமேசான் தரும் எஸ்டிகே என்ற கருவித்தொகுப்புகள் சரிபார்ப்புக் குறியீட்டை இயல்பாகவே சேர்த்து அனுப்பத் தொடங்கின. எஸ்3 அதை ஏற்றுக்கொண்டது. எஸ்3 போலவே இயங்கும் பிற நிறுவனச் சேமிப்பகங்கள் சிலவற்றில் பதிவேற்றம் தோல்வியடைந்தது.

போதுமான பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், ஏபிஐ-யில் வெளியே தெரியும் எந்த நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பி இருப்பார் என்பது ஹைரம் ரைட் என்ற பொறியாளர் பெயரால் வழங்கும் விதி. ஆவணத்தில் இல்லாததையும் மக்கள் நம்புவார்கள் என்பதால்தான், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்ற எல்லைக்கோட்டை ஆவணமே போட வேண்டியிருக்கிறது.

நல்ல ஆவணத்தின் இலக்கணம்

கட்டளைகளின் பெயர், அவை ஏற்கும் மதிப்புகள் போன்றவற்றை ஏபிஐ-யின் மாதிரியிலிருந்து கணினியே எழுதித்தரும். விளைவுகளை எழுத நடத்தை அறிந்த மனிதர் வேண்டும். ஏற்றுதல், படித்தல், அழித்தல், பட்டியலிடுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகளிலும் என்ன பதில் வரும், எது மிஞ்சும் என்று அட்டவணையாகத் தர வேண்டும். ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு நிரல்களை ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஓட்டிச் சோதிக்க வேண்டும். நிரல் மாறும் அதே பரிசீலனையில் ஆவண மாற்றமும் சேர்ந்து வர வேண்டும். அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

மாற்றங்களைத் தேதியிட்டுப் பதிவு செய்வதும் அவசியம். அஸூரில் ஒவ்வொரு கோரிக்கையோடும் தேதி வடிவிலான பதிப்பைக் குறிப்பிடலாம்; எந்த நடத்தையை எதிர்பார்க்கிறோம் என்பது அதில் தெளிவாகிறது. ஒரு வசதி எப்போது நிறுத்தப்படும் என்பதைப் பதிலிலேயே சொல்வதற்கு 2019-இல் ஆர்எஃப்சி 8594 என்ற ஆவணம் வந்தது. அதையும் பயன்படுத்தலாம்.

வெர்ஷனிங்கை முதன்முதலாக இயக்கிய பின் 15 நிமிடம் காத்திருந்து கோப்புகளை எழுதத் தொடங்குங்கள் என்று எஸ்3 ஆவணம் சொல்கிறது. இயக்கியது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சற்று நேரமாகும் என்ற உண்மையை மறைக்காமல் சொல்லும் வரி அது. இத்தகைய வரிகளை எழுதுவோருக்கு நிரல் எழுதுவோருக்கு இணையான நேரமும் மதிப்பும் தர வேண்டும். ஏபிஐ-யை வெளியிடும் நிறுவனங்கள் ஆவணத்தில் உள்ள பிழையை நிரல் பிழையாகவே பதிவு செய்து, அதே அவசரத்தோடு திருத்த வேண்டும். படிப்பவர் அதை நம்பித்தான் அழிக்கும் கட்டளையைக் கொடுக்கிறார்.