மண் தரையைச் சிமென்ட் ஆக்கினால் என்ன மாறும்?

மண் தரையைப் பெருக்கலாம், மெழுகலாம், கழுவ முடியாது. தண்ணீர் ஊற்றினால் சேறாகிவிடும். தவழும் பிள்ளைக்கு வரும் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

செருப்பிலும் கோழிக்காலிலும் ஒட்டிவரும் அழுக்கில் புழு முட்டைகள் இருக்கலாம். ஈரமண்ணில் அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குழந்தை தரையில் ஊன்றிய கையை அப்படியே வாயில் வைக்கும். கொக்கிப்புழுவுக்கோ வாய்கூட வேண்டாம்; வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே போய்விடும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இரத்தசோகை பிடித்த பிள்ளைக்கு விளையாடவும் தெம்பு இருக்காது, படிப்பிலும் மனம் ஒட்டாது. மாத்திரை கொடுத்தால் புழு போய்விடும். தரை மாறாதவரை திரும்ப வரும்.

மெக்சிகோவின் கோவாவிலா மாநில அரசு 2000இல் 'பிசோ ஃபிர்மே' என்ற திட்டத்தைத் தொடங்கியது. உறுதியான தரை என்று பொருள். ஒரு வீட்டுக்கு 50 சதுர மீட்டர் வரை கான்கிரீட். செலவு சுமார் 150 டாலர். சாமான்களை வெளியே வைத்து, தரையை மட்டம் செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. லாரி வந்து கலவையைக் கொட்டிய பிறகு அதைப் பரப்புவதும் அவர்கள்தான். கையில் பணமாகக் கொடுக்காமல் தரையாகவே கொடுத்தது கெட்டிக்காரத்தனம்.

பலனை அளக்க வசதியான இடமும் அமைந்தது. கோவாவிலாவின் டொர்ரெயோன் நகரத்தை ஒட்டியே துராங்கோ மாநிலத்தின் கோமெஸ் பாலாசியோ, லெர்தோ நகரங்கள் இருக்கின்றன. வெயிலும் பிழைப்பும் ஒன்றுதான். எல்லைக்கு அப்பால் அப்போது இந்தத் திட்டம் மட்டும் இல்லை. இரு பக்கத்து வீடுகளையும் ஒப்பிட்ட பொருளியலாளர்கள் 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீடு முழுக்கத் தரை மாறினால் சிறு குழந்தைகளிடம் குடற்புழு 78%, வயிற்றுப்போக்கு 49%, இரத்தசோகை 81% குறையும் என்பது அவர்கள் கணக்கு. அறிவு வளர்ச்சித் தேர்வுகளிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது தாய்மார்கள் விஷயம். குடும்ப வருமானம் கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் அவர்களின் மனச்சோர்வும் மன அழுத்தமும் கணிசமாகக் குறைந்திருந்தன. நாள் முழுக்கப் புழுதியோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

சிமென்ட் விலை கட்டுப்படியாகாத ருவாண்டாவில் 'எர்த்எனேபிள்' என்ற நிறுவனம் சரளை, மணல், களிமண்ணை இறுக்கி, மேலே எண்ணெய்ப் பூச்சு கொடுத்துக் கழுவக்கூடிய தரை போடுகிறது. எந்தத் தரையானாலும் கழுவத் தண்ணீரும், ஒதுங்கக் கழிப்பறையும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

ஏழைக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்கு உதவ நினைக்கிறீர்களா? சுவருக்கு வண்ணம் அடிக்கும் முன் தரையைப் பாருங்கள்.